ஏழாம் எண்ணின் மகள்

வெஸ்ட்மீர், ஒன்டாரியோ
பிப்ரவரி 6

அன்புள்ள டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? ஒரு மருத்துவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் நாள் முழுக்க எல்லோரையும் நீங்கள்தான் கேட்கிறீர்கள், உங்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

நீங்கள் இரவல் கொடுத்த எலும்புப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதுகெலும்புப் படத்தை மூன்று முறை வரைந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா? ஆறு வயதில் என் வலது கை முறிந்தபோது, "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வாரம் ஒரு கடிதம், இடது கையால எழுதணும்" என்று சொன்னீர்களே, அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இப்போது வலது கைதான், எழுத்து மட்டும் பெரிதாகத் தேறவில்லை.

எழுதுவதற்குக் காரணம் எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி. மற்றவர்கள் எரிமலை செய்கிறார்கள், உருளைக்கிழங்கில் விளக்கு எரிய வைக்கிறார்கள். என் கேள்வி இது: சொந்தமாக ஒரு குடும்ப மருத்துவர் இருப்பவர்களும் ஏன் வாக்-இன் கிளினிக்குக்குப் போகிறார்கள்? கடைத்தொகுதியில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, முன்கூட்டி நேரம் வாங்காமல் நேரே போய் உட்காரலாமே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் வாசலில் நின்று கேள்வி கேட்க அனுமதி வாங்கிவிட்டேன். எங்கள் ஆசிரியர் திரு. ஓகில்வி, "இது அறிவியலாம்மா?" என்று கேட்டார். "எண்ணினா அறிவியல்தானே சார்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்வீர்களா?

உங்கள் நோயாளி,
அலெய்டா டைக்ஸ்ட்ரா

பி.கு. வரவேற்பில் டார்லீனிடம் ஒரு பை குடைமிளகாய் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் கோணல் என்று கடைக்கு அனுப்பாமல் ஒதுக்கியவை. அம்மா கொடுத்துவிட்டார்கள்.

*

பிப்ரவரி 13

என் அன்பு அலெய்டா,

குடைமிளகாயின் கோணல் நாக்குக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு நன்றி சொல்.

உன் கேள்வி என்னைக் கொஞ்சம் குத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல கேள்வி என்றால் யாரையாவது குத்தத்தான் வேண்டும். வந்தவருக்குச் சொந்த மருத்துவர் உண்டா, முதலில் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாரா, கிடைக்கவில்லையென்றால் ஏன், இதற்குமுன் எத்தனை முறை இங்கே வந்தார், ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரா? இவ்வளவும் கேள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுது, உன் சொல்லில் திருத்தாதே.

ஒன்றை மறக்காதே. பெயர் எழுதக் கூடாது. ஆளுக்கு ஓர் எண் போதும். ஒருவரின் நோய் அவருடைய வீட்டின் உள்ளறை மாதிரி. நாம் கதவைத் தட்டலாம், திறந்து வைத்துவிட்டு வரக் கூடாது.

புத்தகம் உன்னிடமே இருக்கட்டும். என் கல்லூரி நாளில் வாங்கியது, உன்னைவிட அதற்கு வயது அதிகம். முடித்ததும் எழுது.

உன் டாக்டர்,
மொய்ரா பெட்டிக்ரூ

*

மார்ச் 18

அன்புள்ள டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

இரண்டாம் பரிசு! முதல் பரிசு எரிமலைக்குப் போய்விட்டது. வருத்தமில்லை, அது நிஜமாகவே புகைந்தது.

ஐந்து சனிக்கிழமைகள், நாற்பத்து மூன்று பேர். அவர்களில் பன்னிரண்டு பேருக்கு மருத்துவரே கிடையாது. மற்ற முப்பத்தொரு பேருக்கும் உண்டு! இதை எண்ணி முடித்தபோது எனக்கே ஆச்சரியம். அந்த முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் தொலைபேசியில் கிடைக்கவில்லை என்றார்கள், அல்லது கிடைத்தபோது அன்றைய நேரமெல்லாம் தீர்ந்திருந்தது. எட்டு பேர் வேலை முடிந்து வரும்போது மருத்துவமனை மூடியிருக்கிறது என்றார்கள். நான்கு பேர் டாக்டருக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை.

அவர்கள் சொல்லிலேயே எழுதியிருக்கிறேன். கட்டைவிரலில் துணி சுற்றி வந்த பன்னிரண்டாம் எண்காரர் சொன்னது: "போன் போட்டா பாட்டு போடுறாங்க. அந்தப் பாட்டு இப்ப எனக்கு மனப்பாடம், பாடிக் காட்டட்டுமா? விரல்தான் இன்னும் ஆறல." பக்கத்தில் இருந்த அம்மாள், "நீ பாடு, உனக்கு முன்னாடி நிக்கிறவனெல்லாம் ஓடிடுவான், சீக்கிரம் உள்ள போயிடலாம்" என்றார். வரிசையே சிரித்தது. நோயாளிகள் இவ்வளவு சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஏழாம் எண்ணை மட்டும் உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பெண், வயது நாற்பத்து நான்கு, பசுமைக்குடிலில் குடைமிளகாயைப் பெட்டியில் அடுக்கும் வேலை. முதுகுவலி, அசதி, திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல். பதினொரு மாதத்தில் ஆறு முறை வந்திருக்கிறார், ஆறு முறையும் வேறு வேறு மருத்துவர். இவருடைய சொந்த மருத்துவமனையில் காலை எட்டரைக்குத் தொலைபேசி திறக்கும், ஒன்பதேகாலுக்குள் நேரம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் வேலையிடத்தில் அவர் தொலைபேசி இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும். வேலை முடிவதும் நாலரை, மருத்துவமனை மூடுவதும் நாலரை. ஏன் ஒருநாள் விடுப்புப் போடவில்லை என்றதற்கு அவர் சொன்னது: "அந்தம்மா ஆயிரத்து நானூறு பேரப் பாக்குறாங்க. முதுகுவலிக்கெல்லாம் போயி அவங்க கையப் பிடிச்சு இழுக்கணுமா? நெசமா ஏதாவது வந்தா போய்க்கலாம்."

ஆயிரத்து நானூறு என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், சென்ற வசந்தத்தில் நீங்கள் டார்லீனிடம், "ஆயிரத்து நானூறு பேர், என்னால முடியல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டில் வந்து நான்தான் சொன்னேன். ஆம், ஏழாம் எண் என் அம்மாதான். பெயர் எழுதவில்லை. அம்மா உங்களுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொன்னேன்.

முழு அறிக்கையின் நகல் இத்துடன்.

உங்கள் நோயாளி,
அலெய்டா

*

மார்ச் 27

என் அன்பு அலெய்டா,

இரண்டு முறை படித்தேன். உங்கள் நடுவர்களுக்குப் புகை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் பரிசு உனக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஆறு மருத்துவர்கள். மாதத்தின் முதல் செவ்வாயன்று கூடிப் பேசுவோம். உன் அறிக்கையை அங்கே வாசிக்கப் போகிறேன். செவ்வாய் மாலைகளில் கோல்பி ஊரில் எங்கள் குழு ஐந்திலிருந்து எட்டு மணிவரை நோயாளிகளைப் பார்க்கிறது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையா? வாசல் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோமே.

அம்மாவிடம் சொல்: ஆயிரத்து நானூறு என்பது என் சலிப்பு, அவர் சுமக்க வேண்டியதல்ல. என்னை வந்து பார்க்கட்டும். டார்லீனிடம் ஒரு நேரம் வாங்கிக்கொள்ளச் சொல்.

பெருமையுடன்,
உன் டாக்டர், மொய்ரா பெட்டிக்ரூ

*

வெஸ்ட்மீர் குடும்ப மருத்துவக் குழு
ஏப்ரல் 20

பெறுநர்: ரென்ஸ்கே டைக்ஸ்ட்ரா, ஹார்மன் டைக்ஸ்ட்ரா, அலெய்டா டைக்ஸ்ட்ரா

அன்புள்ள நோயாளிக்கு,

எங்கள் பட்டியலில் சேர்ந்தபோது, அவசரமல்லாத எல்லாத் தேவைகளுக்கும் முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையே அணுகுவதாக நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டீர்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் குடும்பத்திலிருந்து பலமுறை வெளிக் கிளினிக் பயன்படுத்தப்பட்டதாக எங்கள் பதிவுகள் காட்டுகின்றன. இதனால் மற்ற நோயாளிகளுக்கு நாங்கள் அளிக்கும் சேவை பாதிக்கப்படுகிறது.

ஆகவே மே முதல் தேதியிலிருந்து உங்கள் குடும்பத்தின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தைய தேதிகளில் நீங்கள் பெற்றிருக்கும் நேரங்களும் ரத்தாகும். புதிய மருத்துவரைக் கண்டுபிடிக்க மாகாண அரசின் காத்திருப்போர் பட்டியலில் பதிந்துகொள்ளலாம்.

உங்கள் நலனில் அக்கறையுடன்,
டாக்டர் மொய்ரா பெட்டிக்ரூ
(கையெழுத்துக்குப் பதில் முத்திரை)

*

ஏப்ரல் 24

அன்புள்ள டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறது. கோபமாக எழுதவில்லை. தவறு எல்லோருக்கும் நேரும்.

நீங்கள் சொன்னபடி அம்மா நேரம் வாங்கினார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது: மே 9, காலை பத்து இருபது. முதலாளியிடம் கேட்டு அன்றைக்கு விடுப்பும் வாங்கிவிட்டார்கள். நேற்று முன்தினம் அந்த அச்சடித்த கடிதம் வந்தது. நான் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று குதித்துக்கொண்டு பிரித்தேன். "அன்புள்ள நோயாளிக்கு" என்று இருந்தது.

பள்ளி விட்டதும் உங்கள் இடத்துக்கு வந்தேன். டார்லீன் என்னைப் பார்த்ததும் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"மே ஒம்பது எங்கம்மாவுக்கு நேரம் இருக்கே, அது மட்டுமாவது இருக்கா?"

"இல்ல செல்லம். எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

"என்னக் கேக்காத கண்ணு. நான் சம்பளத்துக்கு உக்காந்திருக்கவ."

"டாக்டரு உள்ளதானே இருக்காங்க? ரெண்டு நிமிஷம்."

"இருக்காங்க. ஆனா நீ இப்ப..." என்றவர் நிறுத்திவிட்டார். மேசையிலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.

வெளியே வரும்போதுதான் கோல்பி மாலை நேர அறிவிப்பைப் பார்த்தேன். கதவில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடியின் உள்பக்கம், உள்ளே பார்த்தபடி ஒட்டியிருக்கிறது. உள்ளே வர முடிந்தவர்கள் மட்டும் அதைப் படிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் தாள்.

அப்பா கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, "நாம அந்தம்மாவுக்கு நல்லதுதானே செஞ்சோம், ரென்ஸ்கே? வேலைய மிச்சப்படுத்தினோம்" என்றார். அம்மா, "விடுங்க. போய்க் கெஞ்ச வேண்டாம். வேண்டாங்கிற வீட்டு வாசல்ல நிக்கிறது நம்ம வழக்கமில்ல" என்றார்கள். சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். இப்போதெல்லாம் அப்படித்தான் எழுகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது என் அறிக்கையால் வந்ததா? இல்லையென்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் நோயாளி (முப்பதாம் தேதிவரை),
அலெய்டா

*

மே 16

அன்பு அலெய்டா,

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நேரமில்லை என்று சொன்னால் பொய். தைரியமில்லை.

இல்லையென்று எழுதச் சொன்னாய். முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீ அதற்குத் தகுந்தவள்.

எங்களுக்கு வருகைக்கு இவ்வளவு என்று சம்பளம் கிடையாது. பட்டியலில் உள்ள தலைக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு தொகை. அந்தத் தலை வாக்-இன் கிளினிக்குக்குப் போனால், அங்கே ஆன செலவு எங்களுக்கு வரும் ஊக்கத்தொகையில் கழியும். யார் யார் போனார்கள் என்று மாதாமாதம் அரசிடமிருந்து ஒரு தாள் வரும். உன் அம்மாவின் பெயர் அதில் ஆறு முறை வந்தது. ஆறு முறையும் நான் பார்த்தேன், பார்க்காததுபோல் தாளைத் திருப்பினேன். அதை என் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் போகிறார் என்று ஒருமுறைகூடத் தொலைபேசியில் கேட்கவில்லை. உன் அறிக்கையைப் படித்தபிறகு அதுதான் உறுத்துகிறது.

அடிக்கடி வெளியே போகிறவர்களை நீக்குவது என்று ஆறு பேரும் சேர்ந்து போட்ட விதி. நானும் கை தூக்கியிருக்கிறேன். எங்கள் ஆறு பேரில் ஒருவரான டாக்டர் கின்செல்லாவின் நோயாளிகள் ஒன்பது பேரை இந்தக் குளிர்காலத்தில் நீக்க வைத்தோம். செவ்வாய்க் கூட்டத்தில் உன் அறிக்கையை எழுந்து நின்று படித்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஏழாம் எண் வந்ததும் கின்செல்லா சிரித்தார். "மொய்ரா, இது உன்னோட குடைமிளகாய்க்காரம்மாதானே? பொண்ணுதானே இத எழுதினது? எங்க ஆளுங்கள வெட்டச் சொல்லிட்டு உன் ஆள முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கியா?" மற்றவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். உங்களை நீக்குவதும் கை தூக்கித்தான் முடிவாயிற்று.

பெயர் எழுதாதே என்று உனக்குச் சொன்னவள் நான். பெயர் இல்லாமலே இந்த ஊரில் ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை மறந்து, ஊர் முன்னால் வாசித்தவளும் நான். நீ எந்தத் தவறும் செய்யவில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று: அம்மா அந்த ஆறு முறையும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் போய் ஒன்பது மணிநேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கு எதுவும் கழிந்திருக்காது, இந்தக் கடிதமும் வந்திருக்காது. விதி அப்படி.

ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை அம்மாவை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். எந்த மருத்துவரானாலும் எழுதிக் கொடுப்பார். புத்தகம் உன்னிடமே இருக்கட்டும்.

மொய்ரா பெட்டிக்ரூ

*

ஜூலை 2

டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. "நீ எந்தத் தவறும் செய்யவில்லை" என்ற வரியை மட்டும் நான் நம்பவில்லை. பொதுவாக நீங்கள் சொல்வதை நம்புவேன்.

அம்மா வாக்-இன் கிளினிக்குக்கு மேலும் இரண்டு முறை போனார்கள். நானும் போனேன். ஏழாவது மருத்துவர் நல்லவர். ரத்தப் பரிசோதனை கேட்டோம். "அதெல்லாம் ஒரே ஆள் தொடர்ந்து பாக்கணும்மா, ரிசல்ட் வரும்போது நான் இங்க இருக்க மாட்டேன். உங்க குடும்ப டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். இல்லை என்று அம்மா சொன்னார்கள். "அடடா" என்றார். அந்த அடடாவை உண்மையாகத்தான் சொன்னார். வலி மாத்திரை எழுதினார்.

எட்டாவது மருத்துவர், "பெட்டி தூக்குற வேல, முதுகு வலிக்காம பின்ன என்ன பண்ணும்?" என்று கேட்டார். அம்மா சிரித்தார்கள். அதே மாத்திரை. கதவில் ஒரு தாள்: ஒரு வருகைக்கு ஒரு தொந்தரவு மட்டும் சொல்லவும். அம்மாவுக்கு அசதி, காய்ச்சல், முதுகுவலி, மூன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எதைச் சொல்வது என்று நாங்கள் காரிலேயே பேசி முடிவு செய்கிறோம். ஆறு முறை முதுகைச் சொன்னோம். இரண்டு முறை காய்ச்சலை. அசதிக்கு இன்னும் முறை வரவில்லை.

மாகாணக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்திருக்கிறோம். தொலைபேசியில் ஒரு பாட்டு வந்தது. பன்னிரண்டாம் எண்காரர் சொன்ன பாட்டுத்தானா என்று தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனையில் அம்மாவால் பிரசங்கம் முடியும்வரை உட்கார முடியவில்லை. எழுந்து பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். பிரசங்கம் தொடங்கியதும் அப்பா வழக்கம்போல் பெப்பர்மின்ட் எடுத்து அம்மா பக்கம் நீட்டினார். அந்த இடத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

அலெய்டா டைக்ஸ்ட்ரா

*

செப்டம்பர் 23

டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

என் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்காக இதை எழுதவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

சென்ற புதன்கிழமை வேலையிடத்தில் அம்மா ஒரு பெட்டியைத் தூக்கினார்கள். பத்துக் கிலோகூட இருக்காது. பக்கத்தில் இருந்தவர், "காஞ்ச கிளை ஒடிஞ்ச மாதிரி கேட்டுச்சு, நான் பெட்டிதான் உடைஞ்சுதுன்னு குனிஞ்சு பாத்தேன்" என்றாராம். உடைந்தது முதுகெலும்பு. உங்கள் புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம், நான் மூன்று முறை வரைந்த படம், மேலிருந்து பதினோராவது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர், டாக்டர் அபியோலா. "இவங்க குடும்ப டாக்டர் யாரு? பழைய குறிப்பெல்லாம் வேணும்" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தொப்பியைப் பார்த்தார்.

என் பையில் அறிவியல் நோட்டு இருந்தது. கண்காட்சி முடிந்தும் பின்பக்கங்களில் ஏழாம் எண்ணைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். எட்டு வருகை, எட்டுத் தேதி, எட்டு மருத்துவர்களின் பெயர், சொன்னது, கொடுத்தது. அம்மாவை அங்கே யாரும் எடை பார்க்கவில்லை. ஆனால் அப்பா அம்மாவின் இடுப்புவாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்ட நாட்களைக் குறித்திருந்தேன். மார்ச்சில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று.

டாக்டர் அபியோலா நின்றபடியே படிக்கத் தொடங்கி, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"முதுகுவலி, திரும்பத் திரும்ப காய்ச்சல், அசதி, உடம்பு இளைச்சது. எல்லாம் இதுல இருக்கே! இத யாரும் ஒண்ணாச் சேத்துப் பாக்கலையா?"

"யார்கிட்டயும் இது இல்ல டாக்டர். ஆளுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. என்கிட்ட மட்டும்தான் மொத்தமா இருந்துச்சு."

"உனக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

அவர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். ரத்தப் பரிசோதனையிலேயே சந்தேகம் வந்திருக்கும் என்றார்கள். மருந்து இருக்கிறது, முழுதாகப் போகாது, காலத்தைத் தள்ளிப் போடலாம் என்றார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் எலும்பாவது பிழைத்திருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். என்னை வெளியே அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

என் அம்மாவுக்கு இருந்த ஒரே மருத்துவக் குறிப்பு, இரண்டாம் பரிசு வாங்கிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. எழுதத் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த உங்களிடம் அது இல்லை.

அலெய்டா டைக்ஸ்ட்ரா

*

அக்டோபர் 4

அலெய்டா,

உன் ஜூலைக் கடிதத்தை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தினமும் இழுப்பறையைத் திறப்பேன், பேனாவை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நேற்றைய கூட்டத்தில் சண்டை போட்டேன். உங்கள் குடும்பத்தைத் திரும்பச் சேர்க்காவிட்டால் நான் குழுவிலிருந்து விலகுகிறேன் என்றேன். உங்களைச் சேர்ப்பதற்குக் கின்செல்லாவே முதலில் கை தூக்கினார்.

புதிய படிவம் இத்துடன். புற்றுநோய் மருத்துவர்களின் கடிதங்களை வாங்கவும், மருந்துகளைக் கவனிக்கவும், வலிக்குப் பொறுப்பெடுக்கவும் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். அது நானாக இருக்க அனுமதி கொடுங்கள். என் வீட்டு எண்ணையும் எழுதியிருக்கிறேன். பாட்டு வராது.

அம்மாவும் அப்பாவும் தங்கள் வரியில் கையெழுத்திட வேண்டும். உனக்குப் பதினாறு ஆகும்வரை உன் வரியிலும் அவர்களே போட வேண்டும்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். அம்மாவைக் கையெழுத்துப் போட விடு.

மொய்ரா

*

நவம்பர் 3

டாக்டர் பெட்டிக்ரூ அவர்களுக்கு,

படிவம் இத்துடன். அம்மாவின் கையெழுத்து சாய்ந்திருக்கும், படுத்தபடி போட்டது. அது செல்லும் என்று நம்புகிறேன். அப்பாவும் போட்டுவிட்டார். போன வியாழன் நீங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அப்பா சொன்னார். பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் உங்கள் கார் நின்றது. நீங்கள் புறப்படும்வரை நான் நூலகத்தில் இருந்தேன். வலி குறைந்து அம்மா இரண்டு இரவுகள் தூங்கினார்கள். அதற்கு நன்றி. நன்றியைக் குறைத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது வரி காலியாக இருக்கும். டார்லீன் மறந்துவிட்டோம் என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "உன்னோடதையும் போட்டுடறேன், எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றார்கள்.

"போடாதீங்கம்மா."

"அந்தம்மா உன்மேல எவ்வளவு பிரியமா இருக்காங்க தெரியுமா?"

"தெரியும். பிரியமாத்தான் ஆறு தடவ தாளத் திருப்பினாங்க."

அம்மா பேனாவை மூடினார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

படிவத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். முதலில் உங்களிடம்தான் வருவேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். நான் வரும்போது நீங்கள் இருப்பீர்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்கும் வரி அதில் இல்லை. பின்பக்கத்தையும் பார்த்தேன்.

எலும்புப் புத்தகத்தை டார்லீனிடம் கொடுத்திருக்கிறேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் என் பென்சில் கோடுகள் இருந்தன, அழித்துவிட்டேன். கொஞ்சம் தடம் தெரியும்.

சென்ற சனிக்கிழமை எனக்குத் தொண்டை வலி. கடைத்தொகுதிக்குத் தனியாகப் போனேன். முன்பு கேள்வி கேட்க நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். மேசையில் இருந்த பெண் என் மருத்துவ அட்டையை வாங்கிக்கொண்டு, "குடும்ப டாக்டர் யாரும்மா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல" என்றேன். அவர் அதைக் கணினியில் பதிந்துகொண்டார்.

என் ஆய்வில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நோட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெண், வயது பதிமூன்று, தொண்டை வலி, முதல் முறை.

இப்படிக்கு,
நாற்பத்து நான்காம் எண்